கொள்ளுக்குத் திறக்கும் வாய்: மட்டக் குதிரை டிரெய்லரில் ஏற மறுப்பது ஏன்?

முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். பின்னால் இருவர் கைகோத்துத் தள்ளுகிறார்கள். நடுவில் அந்த மட்டக் குதிரை, குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் சாய்பலகை விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, கழுத்தை விறைத்தபடி, ஓர் அங்குலம்கூட நகராமல் நிற்கிறது. தோள்மேடு வரை 148 செ.மீ.க்குள் அடங்கிவிடும் சின்ன உருவம்தான். ஆனால் எடை 200 கிலோவைத் தாண்டும், இழுத்து ஜெயிக்க முடியாது. அரை மணி நேரம் இப்படியே போனால் யார் வாயிலும் வந்துவிடும் சொல், ‘சண்டி’.

சண்டித்தனம் என்றால் வேண்டுமென்றே முரண்டு பிடிப்பது. குதிரைக்கு அப்படி ஒரு திட்டமும் கிடையாது. அதனிடம் இருப்பது பயம். கூடவே, போன தடவை அந்தப் பயம் எப்படி விலகியது என்ற ஞாபகம். ‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்’ என்று குதிரையைச் சாக்காக வைத்து மனிதர்களைக் கிண்டல் செய்கிறோம். கிண்டலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பழமொழி நல்ல உளவியல். எதைத் தொடர்ந்து என்ன வரும் என்று குதிரை கணக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அதன் கண்ணால் டிரெய்லரைப் பார்ப்போம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நின்ற இடத்திலிருந்தே கிட்டத்தட்ட 350 டிகிரி வரை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் சில: நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சம், மூக்குக்கு அடியில் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். திறந்த வெளியில் நாலு பக்கமும் நோட்டம் விட்டு, ஆபத்து என்றால் ஓடிப் பிழைத்த விலங்கு இது. டிரெய்லருக்குள் போனதும் இரண்டு பக்கப் பார்வையும் சுவரில் முட்டுகிறது. ஓடவும் இடமில்லை. தள்ளுகிற இருவரோ சரியாக அதன் கண்ணுக்குப் படாத இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அது ஆபத்து, உதை அங்கேதான் விழும்.

மூக்குக்கு அடியில் தெரியாது என்றேன் அல்லவா? காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க, குதிரை தலையைத் தாழ்த்தியாக வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? கயிற்றைத் தாடையருகே கெட்டியாகப் பிடித்துத் தலையைத் தூக்கியே வைத்திருக்கிறோம். பார்ப்பதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு, ஏன் கால் வைக்க மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம்.

வெளிச்சமும் ஒரு சிக்கல். குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய இருட்டில் அது நம்மைவிட நன்றாகவே பார்க்கும். ஆனால் வெயிலிலிருந்து இருட்டுக்குக் கண் பழக, அதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். நண்பகல் வெயிலில் டிரெய்லரின் வாய் அதற்கு வெறும் கருப்பு ஓட்டை. அதற்குமேல், சாய்பலகையில் குளம்பு பட்டதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம், காலடியில் ஓர் ஆட்டம். பொந்து மாதிரி ஒலிக்கும் தரையை நம்பாமல் இருப்பது ஓடிப் பிழைக்கும் விலங்குக்குப் புத்திசாலித்தனம்தான்.

இதில் பாதியைக் குதிரையைத் தொடாமலே சரிசெய்துவிடலாம். டிரெய்லரை வண்டியோடு இணைத்து, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தால் ஆட்டம் குறையும். ரப்பர் விரிப்பு சத்தத்தை விழுங்கும். நடுத்தடுப்பை ஒரு பக்கமாக ஒதுக்கி, முன்பக்கச் சிறு கதவைத் திறந்து, வெளிச்சம் உள்ளே விழும்படி நிறுத்தினால் அந்தக் கருப்பு ஓட்டை ஓர் அறையாகிவிடும்.

மீதிப் பாதி கயிற்றில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் சுவாரசியமான இடம் அதுதான்.

கயிறு இறுகும்போது, குதிரையின் தலையில் மாட்டியிருக்கும் ஹால்டரின் மேல்வார் காதுகளுக்குப் பின்னால் அழுத்துகிறது. குதிரை தலையை உயர்த்துகிறது, இரண்டு அடி பின்வாங்குகிறது. பிடித்திருப்பவரும் கூடவே தடுமாறி முன்னால் வருகிறார். கயிறு தளர்கிறது. அந்த நொடியில்தான் பாடம் நடக்கிறது. பின்வாங்கினேன், அழுத்தம் போனது. பின்வாங்கினேன், அந்தக் கருப்பு ஓட்டையும் தள்ளிப் போனது. ஒரே செயலுக்கு இரட்டைப் பரிசு. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்துக் கண்டதும் இதுவே: நல்ல விளைவைத் தந்த செயல் திரும்பத் திரும்ப வரும். பத்து முறை ஏற்றப் பார்த்துத் தோற்றவர், பின்வாங்குவதில் பத்துப் பாடம் எடுத்து முடித்திருக்கிறார். பாடம் கேட்ட மாணவர் கெட்டிக்காரர் வேறு.

அப்படியானால் தளர்வு வர வேண்டிய நொடியை மாற்ற வேண்டும். டிரெய்லருக்குப் பத்தடி தள்ளி நின்று, லேசாக அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். குதிரை நடக்க வேண்டியதில்லை. உடல் எடையை முன்பக்கம் சாய்த்தாலே போதும், அதே நொடியில் கயிற்றை விட்டுவிடுங்கள். இரண்டு நொடி தாமதித்தால், அதற்குள் தலையைத் திருப்பிய செயலுக்கு அந்தப் பரிசு போய்ச் சேர்ந்துவிடும். அடுத்து ஓர் அடி. பிறகு சாய்பலகையை முகர்வது. பிறகு ஒரு குளம்பு மட்டும் பலகையில். ‘டொம்’ சத்தம் கேட்டுக் காது விறைக்கும். அது தானாகத் தளரும்வரை அப்படியே நிற்க விட்டு, பின்பு நீங்களே சொல்லிப் பின்னால் இறக்குங்கள். ஏற்றியதை ஏன் இறக்க வேண்டும் என்று அவசரக்காரர்கள் கேட்பார்கள். வெளியே வர வழியுண்டு என்று தெரிந்த குதிரைதான் நிம்மதியாக உள்ளே போகும். தவிர, பின்னால் இறங்கத் தெரியாத குதிரை இறங்கும்போது பாய்ந்து கால் முறித்துக்கொள்ளக்கூடும்.

கூடவே தீனியும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் லஞ்சமாக அல்ல. உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டால் அலறும் ஒரு சிறுவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கூண்டிலிருந்த முயல் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தப்பட்டது. கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். ஒரே தாவலில் கிட்டே கொண்டுபோயிருந்தால் உணவைப் பார்த்தாலும் அலற ஆரம்பித்திருப்பான். பயந்த குதிரைக்கு முன்னால் தீனி வாளியை ஆட்டி உள்ளே இழுத்து, கதவைப் படாரென்று சாத்துகிறவர்களுக்கு நேர்வது இதுதான்: அடுத்த முறை வாளியைக் கண்டாலே குதிரை மிரளும்.

குதிரைகளிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அதுவரை வற்புறுத்தி ஏற்றப்பட்டுவந்த ஐந்து பெண் குதிரைகளுக்கு முதலில் ஒரு குறிப்பொருளை நோக்கி வரக் கற்றுக்கொடுத்தார்கள். வந்தால் பரிசு. பிறகு அந்தப் பொருளை டிரெய்லருக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஐந்துமே ஏறின. முரண்டெல்லாம் பூஜ்யத்துக்கு வந்தது. வேறு பயிற்சியாளர், வேறு டிரெய்லர் என்று மாற்றியபோதும் அந்தப் பழக்கம் நின்றது. ஒரே ஒரு குதிரைக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்தது உதவியதாகத் தெரிந்தது.

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பவர்கள் இங்கேயும் உண்டு. சாட்டைக்குப் பயந்து குதிரை ஏறவும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் டிரெய்லர் பயத்தோடு சாட்டைப் பயமும் சேர்ந்து, அடுத்த முறை டிரெய்லரைத் தூரத்தில் பார்த்ததுமே படபடப்பு தொடங்கிவிடும்.

அசையாமல் நிற்கும் குதிரையை அமைதியான குதிரை என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. மிதமிஞ்சிய பயத்தில் சில குதிரைகள் உறைந்து நிற்கும். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் உருளும் நாடியில் இரண்டு விரலை வைத்து, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், மட்டக் குதிரைக்குச் சற்றுக் கூடலாம். அதைவிட மிகவும் எகிறியிருந்தால் இப்போதைக்கு அடுத்த படி வேண்டாம். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தை நன்றாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே வருடினால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஏறிய பிறகு நடக்கும் ஒரு தவறு, அதுவரை பட்ட பாட்டையெல்லாம் ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். முதலில் குதிரையின் பின்னால் குறுக்கே வரும் பின்கம்பியைப் போட வேண்டும், அதன்பிறகே கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது நேர்மாறாக, கயிற்றை அவிழ்த்த பிறகே கம்பியை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், பின்னால் திறந்திருப்பதை உணர்ந்து குதிரை இறங்கப் பார்க்கும். கட்டிய கயிறு காதுக்குப் பின்னால் இறுகும். அது தலையைத் தூக்கும், கூரையில் இடிக்கும், இன்னும் வேகமாகப் பின்னால் இழுக்கும்.