நீலகிரி ஓடைகளுக்குப் படி போடுவது எப்படி?

நீலகிரி வரைபடத்தில் நீலக் கோடுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். முக்கூர்த்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா, வடக்கே இறங்கி மாயாறு என்ற பெயரோடு ஓடி, பவானிசாகரில் பவானியுடன் சேர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கிப் போனால் ஆறு இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும், கடைசியில் ஏதோ ஒரு சோலைக்குள் ஊற்று. கணினிக்காரர்கள் இதைப் பைனரி ட்ரீ என்பார்கள். பவானிசாகர் அதன் வேர், ஊற்றோடைகள் அதன் இலைகள்.

இந்த ஓடைகளுக்குப் படி, அதாவது தர எண், கொடுக்க அமெரிக்க நீரியல் அறிஞர் ஹார்ட்டன் 1945-இல் ஒரு முறை சொன்னார். நிலவியல் வடிவங்களை ஆராய்ந்த ஸ்ட்ராலர் 1952-இல் அதைத் திருத்தினார். ஊற்றோடைக்குப் படி 1. ஒரே படியுள்ள இரண்டு சேர்ந்தால் ஒரு படி கூடும். வேறுவேறு படி என்றால் பெரியதே நிற்கும். மூன்றாம் படி ஓடையில் எத்தனை சிற்றோடை வந்து விழுந்தாலும் அது மூன்றாம் படிதான்.

இதைத் தற்சுழற்சியில், அதாவது தன்னைத் தானே அழைக்கும் ஒரு ஃபங்ஷனாக, எழுதினால் ஐந்தே வரி:

படி(ஓடை):
மேலே கிளை இல்லையென்றால் விடை 1
இடம் = படி(இடக்கிளை)
வலம் = படி(வலக்கிளை)
இரண்டும் சமமென்றால் விடை இடம் + 1, இல்லையென்றால் பெரியது

ஒரு பள்ளத்தாக்கில் ஓட்டிப் பார்ப்போம். இடச் சரிவில் இரண்டு ஊற்றோடைகள் சேர்கின்றன, சற்றுக் கீழே இன்னொன்றும் வந்து சேர்கிறது. வலச் சரிவில் இரண்டு மட்டும். ‘படி என்ன?’ என்ற கேள்வி அடிவாரத்தில் தொடங்கி, இடக்கிளையைப் பிடித்து நேராக ஊற்றுவரை ஏறுகிறது. அங்கே 1. பக்கத்து ஊற்றிலும் 1. சமம், ஆகவே 2. மூன்றாவது ஓடையின் 1 வந்தும் 2 மாறவில்லை. இதுவரை வலச் சரிவை யாரும் தொடவே இல்லை, அடிவாரத்துக் கேள்வி ஸ்டாக்கில், அதாவது முடியாத கேள்விகளைக் கணினி அடுக்கி வைக்கும் இடத்தில், காத்துக்கிடக்கிறது. அப்புறம்தான் வலப்பக்கம் ஏறி, அங்கும் 2 என்று தெரிந்து, அடிவாரத்துக்கு 3 கிடைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எந்தச் சேருமிடத்துக்கும் முழு மலையும் தெரியவேண்டியதில்லை என்பதுதான். தன் இரண்டு கிளைகளின் விடை போதும். ஓடைகள் ஆயிரமானாலும் ஒரு நேரத்தில் காத்திருக்கும் கேள்விகள், வேரிலிருந்து ஊற்றுவரை உள்ள ஒரு பாதையின் அளவுதான்.

இதே எண் 1958-இல் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரு கணக்குக் கோவையை முடிக்கக் கணினிக்கு எத்தனை ரெஜிஸ்டர் (கணக்கிடும்போது எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு இடம்) வேண்டும் என்று சோவியத் அறிஞர் எர்ஷோவ் ஆராய்ந்தார். (அ+ஆ)×(இ+ஈ) என்பதை, எழுத்துகள் இலைகளாக, மரமாக வரைந்து படி போட்டால் 3. வேண்டிய ரெஜிஸ்டரும் மூன்று.

நீலகிரியில் ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. குந்தா மின் திட்டத்தில் தண்ணீர் சுரங்கங்கள் வழியே ஓர் அணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அவற்றையும் கோடாக வரைந்தால் ஓர் ஓடைக்கு இரண்டு வழி உண்டாகிவிடும். பிறகு அது மரமே இல்லை. கீழே அந்த ஓடை தன்னோடு தானே சேர்ந்து, இல்லாத ஒரு படி ஏறிவிடும். ஆகவே சுரங்கங்களைக் கழித்துவிட்டுத்தான் ஃபங்ஷனை ஓட்ட வேண்டும்.