காகிதத்தைச் சீவினால் மட்டும் நல்ல கத்தி ஆகிவிடாது

மறுபடியும் அதே கதை. விரலில் தையல் போட்டுக்கொண்டு ஒருவர் மடக்குக் கத்தியோடு வந்தார். "கூர் போயிடுச்சு, அழுத்தி வெட்டினேன், சட்டுனு மடங்கிடுச்சு. கூர் மட்டும் ஏத்திக் கொடுங்க" என்றார். கூர் ஏற்றுவதுதான் என் தொழில். ஆனால் அந்தக் கத்தியை விரித்து அலகை அசைத்துப் பார்த்தால் மேலும் கீழும் ஆடுகிறது. விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. அதில் கூர் ஏற்றிக் கொடுத்தால் அடுத்த வெட்டு இன்னும் ஆழமாக விழும். தீட்டாமல் திருப்பிக் கொடுத்தேன், கோபித்துக்கொண்டார்.

போகும்போது அவர் சொன்னது: "வாங்கும்போது காகிதத்தை வெண்ணெய் மாதிரி வெட்டுச்சே!"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காகிதம் வெட்டுவது கத்தியின் தரத்தைச் சொல்லாது. அன்றைக்கு அதை யாரோ ஒழுங்காகத் தீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டப்பா மூடியின் தகரத்தைத் தீட்டிக் கொடுத்தால் அதுவும் காகிதம் வெட்டும். மென்மையான மலிவு எஃகில் கூர் ஏற்றுவது இன்னும் சுலபம். அந்தக் கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் உண்டு. தீட்டி முடித்த விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று நிற்கும். அதை எடுக்க நேரமாகும் என்று மலிவுக் கத்திகளில் பல சமயம் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பிசிர் காகிதத்தை அழகாக வெட்டும். இரண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மடிந்துவிடும். 'கூர் போயிடுச்சு' என்கிறீர்களே, சரியான கூர் அதில் இருந்ததே இல்லை.

சோதிக்க வேண்டுமா? முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பஞ்சால் லேசாக வருடுங்கள். நார் மாட்டினால் பிசிர் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கீற்று கீற்றாக வெட்டுங்கள், அப்புறம் காகிதத்தைக் காட்டுங்கள். அப்போதும் வெட்டினால் பேசலாம். வெட்டாவிட்டாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தண்ணீர் காட்டாமல் இயந்திரத்தில் தேய்த்த விளிம்பு சூட்டில் பதம் இழந்திருக்கும். சில முறை தீட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்.

அடுத்தது அலகில் பொறித்திருக்கும் எழுத்து. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது எந்த எஃகின் பெயரும் இல்லை. '440' என்பது ஒரு ஸ்டெயின்லெஸ் எஃகு வகையின் எண், அதை மட்டும் போட்டால் பாதித் தகவல்தான். 440ஏ எஃகில் கரிமம் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி எஃகில் 0.95 முதல் 1.20 சதவீதம். கூர் நிற்பதில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. எந்த எழுத்து என்று சொல்லாவிட்டால் நல்லதாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பெயர் மட்டுமே எல்லாம் என்றும் இல்லை. சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரிநாக்ஸின் அலகுகளுக்குக் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 தான், இதைவிடக் கடினமான மலிவுக் கத்திகள் நிறைய வருகின்றன. ஆனால் பதம் ஒரே சீராக இருக்கும், அலகு மெல்லியது, அதனால் நன்றாக வெட்டும். தடியான அலகைப் பார்த்து 'ஸ்ட்ராங்' என்று வாங்குபவர்கள் அதில் ஒரு ஆப்பிளை வெட்டிப் பார்க்கட்டும். வெட்டாது, பிளக்கும்.

கூரை நான் தர முடியும். மூட்டையும் பூட்டையும் தர முடியாது. அதனால் முதலில் அங்கே பாருங்கள். கத்தியை விரித்துப் பிடித்து அலகை ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால், மூட்டில் ஸ்க்ரூ இருக்கும்பட்சத்தில், முடுக்கிச் சரிசெய்யலாம். ரிவெட் அடித்திருந்தால் அதுவும் கஷ்டம். மேலும் கீழும் ஆடினால் கோளாறு பூட்டில் இருக்கிறது, வேண்டாம். லைனர் லாக் என்றால் உள்ளே வளைந்து வரும் தகட்டைப் பாருங்கள். அலகின் அடிப்பகுதித் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை அது வந்து உட்கார வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வழுக்கும். புதுக் கத்தியிலேயே மறுகோடிக்குப் போயிருந்தால் தேய்வதற்கு இடமே இல்லை. மடக்கியபின் முனை கீழே இருக்கும்படி உதறினால் அலகு வெளியே வரக் கூடாது. பாக்கெட்டில் கை விடுபவர் நீங்கள்தான்.

முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்காதீர்கள், தயவுசெய்து. நல்ல பூட்டும் அதில் கெட்டுப்போகும். விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் போதும்.

கண்ணாடி உடைக்கும் முனை, பாட்டில் ஓப்பனர், வானவில் நிறப் பூச்சு, மண்டையோட்டுப் படம் எல்லாம் குறைந்த விலைக்குள் அடங்க வேண்டுமென்றால் எதிலே குறைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் வடிவம் 1890இல் வந்தது, பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. மரப்பிடி, அலகு, ஆணி, வளையம், வேறு ஒன்றும் கிடையாது. நனைந்தால் மரம் உப்பி அலகு இறுகும், அது அதன் குறை. ஆனாலும் குறைந்த விலையில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த மாதிரிக் கத்திகளைத்தான். போலிகள் உண்டு, தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.

பூட்டு இருக்கிறது என்று தைரியமாக அழுத்தாதீர்கள். விக்டோரிநாக்ஸின் 91 மில்லிமீட்டர் கத்திகளில் பெரிய அலகுக்குப் பூட்டே கிடையாது. மடங்கும் என்று தெரிந்து பிடிப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. கத்தியால் ஸ்க்ரூ திருகாதீர்கள், மூடி நெம்பாதீர்கள். ஒடிந்த முனையை எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலும் துருப்பிடிக்கும், ஈரத்தோடு மடக்கி வைக்க வேண்டாம். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பூட்டுத் தகடு அலகைத் தொடும் இடத்தில் மட்டும் எண்ணெய் படாமல் துடைத்துவிடுங்கள்.