அனக்ரோனிசம்: காலவழுவும் அதன் அமைதியும்

ஒரு காலத்துக்குரிய பொருளையோ பழக்கத்தையோ எண்ணத்தையோ அது இருந்திருக்க முடியாத இன்னொரு காலத்தில் கொண்டுபோய் வைப்பதற்குப் பெயர் அனக்ரோனிசம். ராஜராஜனின் மடைப்பள்ளியில் காய்ந்த மிளகாய் தாளித்தால் அது அனக்ரோனிசம். அவர் ஆண்டது 985 முதல் 1014 வரை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியரின் கப்பலேறி 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. சோழர் காலத்து நாக்குக்குத் தெரிந்த காரம் மிளகு.

சமையலறையை விடுங்கள், போர்க்களத்துக்கு வருவோம். தென் மாவட்டத்துப் பொட்டல் ஒன்றில் பாண்டியர் போரைப் படமாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாளின் கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று கலை இயக்குநர் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களைப் பார்த்திருப்பார். ஆனால் யானைப் படைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் நிற்கும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுத் தரிசுகளை அது வளைத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். அடிவானம் முழுக்கக் காலம் தவறி நிற்கும் மரங்களை எந்தக் கலை இயக்குநரால் வெட்டித் தீர்க்க முடியும்?

சொல்லின் வேர் கிரேக்கம். 'அனா' என்றால் பின்னோக்கி, எதிராக. 'க்ரோனோஸ்' என்றால் காலம். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் புழங்கத் தொடங்கியபோது அது நாடகக்காரர்களை இடித்துரைக்கும் சொல்லாக இல்லை. பழைய நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு கணித்த அறிஞர்கள், கணக்கில் நேரும் பிழைக்கு வைத்திருந்த பெயர் அது. காலம் மாறி நிற்கும் பொருள்களையும் மனிதர்களையும் குறிக்கும் இன்றைய பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதைக் காலமுரண், காலப்பிழை, காலவழு என்று பலவாறு எழுதுகிறோம். என் வாக்கு காலவழுவுக்கே. 'முரண்' இரண்டு பொருள்கள் மோதுவதைச் சொல்கிறது; யார் தவறினார் என்பதைச் சொல்வதில்லை. 'பிழை' எழுத்துப்பிழை முதல் கணக்குப்பிழை வரை எதற்கும் பொருந்திவிடும். 'வழு' மட்டுமே ஒரு முழு இலக்கணத்தைத் தன் பின்னால் அழைத்து வருகிறது. 'திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே' என்கிறது நன்னூல். அந்த ஏழில் பொழுது மயங்குவதுதான் காலவழு. நேற்று வருவான் என்றால் வழு.

இலக்கணத்தில் அது வினைச்சொல்லின் காலத்தைப் பற்றியதாயிற்றே, மிளகாய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றே: ஒரு காலத்துக்குரியது மற்றொன்றின் இடத்தில் வந்து உட்காருகிறது. இந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதில் பெரிய லாபமும் இருக்கிறது. வழுவுக்குப் பக்கத்திலேயே நம் இலக்கணம் 'வழுவமைதி'யையும் வைத்திருக்கிறது. தவறுதான், ஆனால் தக்க காரணம் இருப்பதால் ஏற்கத் தக்கது என்பது அதன் பொருள். காலத்துக்கு நன்னூல் தரும் காரணங்கள் நான்கு: 'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி.' இலையில் இன்னும் சோறு இருக்க, வாசலில் நிற்கும் நண்பரிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்பது விரைவு. கள்வர் மலிந்த காட்டைக் காட்டி 'இதற்குள் புகுந்தால் துணியை இழந்தான்' என்பது மிகுதி. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் 'மழை பெய்தது' என்பது தெளிவு. சிறுவயதில் ஆடிய சோலையைக் காட்டி 'நாங்கள் முன்பு விளையாடுவது இங்கே' என்பது இயல்பு.

வரலாற்றுப் புதினங்களையும் போர்ப் படங்களையும் பற்றிய சண்டைகள் எல்லாம் 'உண்மையா, பொழுதுபோக்கா' என்ற ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வழுவா, வழுவமைதியா என்று கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் நகரலாம்.

ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸைப் பற்றி 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தை எடுத்துக்கொள்வோம். வாலஸும் படையினரும் கட்டம் போட்ட துணியை இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். அந்த உடை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. வாலஸ் 1305இல் கொல்லப்பட்டவர். அவர் முகத்தில் நீலச் சாயம் பூசியிருப்பது எதிர்த்திசை வழு: ரோமானியர் காலத்துப் பழங்குடிகளின் வழக்கம், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் தாமதமாக வந்து சேர்கிறது. இவை இரண்டையும் நான் மன்னித்துவிடுவேன். இரைச்சலும் புழுதியுமான களத்தில் யார் எந்தப் பக்கம் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அது விரைவு. ஆனால் பிரெஞ்சு இளவரசி இசபெல்லா வாலஸைக் காதலித்து அவர் பிள்ளையைச் சுமக்கிறாரே! 1295ஐ ஒட்டிப் பிறந்தவர் அவர். திருமணமாகி இங்கிலாந்துக்கு வந்தது 1308இல், வாலஸ் இறந்து மூன்றாண்டு கழித்து. அதற்கு நான்கு காரணங்களில் எதைச் சொல்வது?

இதே படத்தின் இன்னொரு பெரிய தவறு காலவழுவே ஆகாது. 1297இல் நடந்தது ஸ்டர்லிங் பாலப் போர். குறுகலான மரப்பாலத்தில் ஆங்கிலேயப் படை கொஞ்சம் கொஞ்சமாக வர, பாதிப் படை கடந்த நேரம் பார்த்து ஸ்காட்லாந்துக்காரர்கள் பாய்ந்தார்கள். சிறு படை பெரும்படையை வென்ற சூட்சுமமே அந்தப் பாலம்தான். படத்தில் பாலம் இல்லை. இதை வரலாற்றுத் திரிபு என்று சொல்லலாம். துல்லியமாகக் காட்டியிருந்தால் காட்சி இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புனைவும் வேறு. ஆதித்த கரிகாலன் கொலையில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது உடையார்குடிக் கல்வெட்டு. கல்கி 'பொன்னியின் செல்வ'னில் அந்தச் சதியின் நடுவே நந்தினியைப் படைத்தார். நந்தினி கற்பனை; அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாதவள் அல்லள். ஆகவே காலவழு என்ற குற்றச்சாட்டு அவளிடம் செல்லாது.

பொருள்களைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது மனத்தின் காலவழு. சோழ வீரன் ஒருவன் தமிழினத்தின் ஒற்றுமைக்காக முழங்கும்போது அரங்கில் கைதட்டல் கேட்கிறது. ஆதித்த கரிகாலனுக்குக் கல்வெட்டுகள் தரும் பெருமையோ 'பாண்டியன் தலைகொண்ட' என்பது. வெட்டப்பட்டதும் தமிழ் மன்னனின் தலைதான். இந்த வழுவை எந்த ஆடை ஆலோசகராலும் திருத்த முடியாது. சில வேளைகளில் நம் சந்தேகமும் பொய்த்துப்போகும். வாலஸ் 'விடுதலை' என்று கத்துவது இக்காலத்து ஒட்டு என்று தோன்றும். ஆனால் 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்புக்கு அனுப்பிய ஆர்ப்ரோத் மடலிலேயே, புகழுக்கோ செல்வத்துக்கோ அன்றி விடுதலைக்காகவே போரிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

காலவழு சினிமாவோடு பிறந்ததும் இல்லை. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானது. பாடுவதோ வெண்கலக் காலத்துப் போரை. அதன் வீரர்கள் தேரில் களத்துக்கு வந்து, இறங்கி, நின்று சண்டையிடுகிறார்கள். தேர்ப்படை எப்படிப் போரிட்டது என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது. அதே காவியத்தில் காட்டுப்பன்றிக் கொம்புகளை வரிசையாகப் பதித்த ஒரு தலைக்கவசம் வருகிறது. பாடியவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கொழிந்த பொருள் அது. வெண்கலக் காலத்துக் கிரேக்கர்களான மைசீனியரின் கல்லறைகளைத் தோண்டியபோது வர்ணனைப்படியே கிடைத்தது.

நம் பக்கத்தில் கம்பர் செய்தது இன்னும் சாமர்த்தியம். இராமனின் முடிசூட்டு விழாவில், திருவெண்ணெய்நல்லூர்ச் சடையனின் மரபினர் எடுத்துக் கொடுக்க, வசிட்டர் வாங்கி முடி புனைகிறார். சோறு போட்ட வள்ளலைத் திரேதா யுகத்துக்குக் கூட்டிப்போனால் வழு என்பார்கள் என்று தெரிந்தே, சடையனை விட்டு அவன் முன்னோர்களை நிறுத்திவிட்டார். நன்றிக்காகச் செய்த வழு. செய்யும்போதே அமைதியும் தேடிக்கொண்டது.

சோழர்களைப் படத்தில் இன்றைய தமிழில் பேசவிடுவதும் வழுதான். கல்வெட்டுத் தமிழில் பேசினால் இடைவேளைக்கு முன்பே அரங்கு காலியாகிவிடும் என்பதால் அது இயல்பில் அடங்கிவிடுகிறது. ஆனால் படத் தொடக்கத்தில் 'வரலாற்றைத் தழுவிய கற்பனை' என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டால் எல்லா வழுவும் அமைதியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நன்னூல் நூற்பாவின் கடைசிச் சொல் 'ஏற்புழி', அதாவது பொருந்தும் இடத்தில். ஒவ்வொரு வழுவுக்கும் அதனதன் இடத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். மொத்தமாக வாங்கிவைத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டு அந்த இலக்கணத்தில் கிடையாது.