இறக்கத்துக்கும் சங்கிலி வேண்டும்: குளிர்காலச் சாரதிகளுக்கு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பெரும்பாலான மலைப்பாதைகளில், ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 11,794 கிலோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட எடைக்கு உரிமம் பெற்ற வணிக வாகனங்கள் டயர்ச் சங்கிலிகளை உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது சட்டம். ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குச் சரக்கு ஏற்றிவரும் நம்மவர்களுக்கு இது தெரியும். சங்கிலியும் வண்டியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், பாரவூர்திச் சாரதிகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, அந்தச் சங்கிலி ஒருமுறைகூட டயரில் ஏறாமல், வாங்கியபோது இருந்த முடிச்சோடு துருப்பிடித்துக் கிடப்பதைத்தான்.

சில்லு சுழன்று வண்டி ஏற மறுத்தபின் பூட்டிக்கொள்ளலாம் என்பது பலருடைய எண்ணம். அப்படி நின்றுபோகும் வண்டி சரிவில், ஓடுபாதையின் நடுவே நிற்கிறது. பின்னால் வருபவராலும் அந்த வழுக்கலில் பிரேக் பிடித்து நிறுத்த முடியாது. அந்த இடத்தில் முழங்காலிட்டுச் சங்கிலி பூட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். கொக்குஹல்லா நெடுஞ்சாலையில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் ஹோப் நகரில் மழை பெய்துகொண்டிருக்க, 1,244 மீற்றர் உயரத்திலுள்ள உச்சியில் கடும் பனி கொட்டுவது அங்கே வழமை. ஈரமான தார்வீதியில் வரும் சாரதி, சங்கிலி பூட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட அகன்ற ஓரத்தளத்தை “இன்னும் தேவையில்லை” என்று கடந்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவருக்குப் பாதுகாப்பான சமதளம் கிடைப்பதில்லை. சங்கிலி பூட்டச் சொல்லும் அறிவிப்புப் பலகையின் விளக்கு மின்னினால் பூட்டியே ஆகவேண்டும். மின்னாவிட்டாலும், உச்சியின் நிலவரத்தைப் புறப்படும்போதே பார்த்து, அந்தத் தளத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, சங்கிலி ஏற்றத்துக்கு மட்டும்தான் என்ற நம்பிக்கை. ஏற்றத்தில் பிடிப்புப் போனால் வண்டி நிற்கும். இறக்கத்தில் பிடிப்புப் போனால் அது நிற்காது. பின்னாலுள்ள ட்ரெய்லரின் எடை முழுவதும் முன்னோக்கித் தள்ளும்போது, எஞ்சின் சுழற்றும் சில்லுகளான ஓட்டும் சில்லுகள் வழுக்கத் தொடங்கினால், வண்டியின் முன்பகுதி பக்கவாட்டில் மடிந்து ட்ரெய்லரோடு மோதுகிறது. சாரதிகள் ஜாக்நைஃப் என்று சொல்லும் இந்த நிலை வந்தபின் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. எஞ்சினின் எதிர்ப்பைக் கொண்டு வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக், ஓட்டும் சில்லுகளையே பிடித்து நிறுத்துவதால், வழுக்கும் வீதியில் அதை அணைத்துவிட வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துகிறேன். வெற்று ட்ரெய்லர் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு. எடை குறைந்த அச்சில், பிரேக் பிடித்ததும் சில்லுகள் விரைவாகச் சுழற்சி நின்று இறுகி, ட்ரெய்லர் தன் போக்கில் அடுத்த பாதைக்குள் வீசப்படும். ஆகவே ஓட்டும் அச்சுக்குப் பூட்டுவதோடு, ட்ரெய்லரின் அச்சு ஒன்றிலும் இருபுறமும் பூட்டுங்கள். எந்த அச்சாயினும் இடமும் வலமும் சோடியாகவே இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால், இரு பக்கச் சில்லுகளுக்கும் எஞ்சின் விசையைப் பகிரும் சாதாரண டிஃபரென்ஷியல் சுழற்சியைப் பிடிப்பில்லாத பக்கத்துக்கே கொண்டுபோகும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

வெப்பநிலை குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். கடுங்குளிரைக் கண்டு அஞ்சும் புதிய சாரதி, பூச்சியம் பாகையை நெருங்கும் நாளில் விழிப்பைத் தளர்த்திவிடுகிறார். உண்மையில் மறை 20 பாகையில் இறுகிய பனியைவிட, பூச்சியத்தை ஒட்டி மேலே மெல்லிய நீர்ப்படலம் படர்ந்த பனிக்கட்டியே அதிகம் வழுக்கும்.

சங்கிலியைத் தரையில் நீளவாக்கில் விரித்து, முறுக்கு எடுத்து, குறுக்குச் சங்கிலிகளின் கொக்கிகளில் திறந்த முனை டயரை நோக்காமல் வெளிநோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மாறி இருந்தால் அந்த முனை டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். இறுக்கும் கேம்கள் வெளிப்புறத்தில் வரும்படி டயரின்மேல் போர்த்தி, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை இழுத்து மாட்டி, கேம்களை ஒன்றுவிட்டு ஒன்றாகத் திருகி இறுக்க வேண்டும். டயரின் காற்றைக் குறைத்துப் பூட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது டயரையும் கெடுக்கும், சங்கிலியையும் கெடுக்கும். தொங்கும் நுனிகளைக் கம்பியால் கட்டுங்கள். ஒரு சாண் நீளம் தளர்ந்த சங்கிலி போதும், பிரேக்குக்குச் செல்லும் காற்றுக் குழாயை அறுத்துவிட. சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் இறுக்குங்கள். முதல் இறுக்கம் ஒருபோதும் போதுமானதாக இருப்பதில்லை. இத்தனையும் இருட்டில், ஈரமான கையுறையோடு செய்யவேண்டிய வேலை. 1904இல் நியூயோர்க் மாநிலத்தின் ஹாரி வீட் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இன்றுவரை இது கைவேலையாகவே இருக்கிறது. அதனால்தான் செப்டெம்பரில், காய்ந்த தரையில், நல்ல வெளிச்சத்தில் பழகிக்கொள்ளுமாறு கேட்கிறேன். ஒளிரும் மேலங்கி, நெற்றி விளக்கு, சில்லுக்கட்டை, முழங்காலுக்குக் கீழே விரிக்க ஒரு பாய் ஆகியவை சங்கிலியோடு ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

பூட்டியபின் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள். சங்கிலித் தயாரிப்பாளர் அதனிலும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சில்லைச் சுழலவிடவே கூடாது. பனி முடிந்து வெறும் தார் தொடங்கியதும், பாதுகாப்பான முதல் தளத்தில் கழற்றிவிடுங்கள். வெறும் வீதியில் குறுக்குச் சங்கிலிகள் விரைவில் தேய்ந்து அறுந்து, சுழலும் வேகத்தில் மட்காட்டையும் குழாய்களையும் அடித்து நொறுக்கும்.

பண்ணைகளில் உழவு இயந்திரத்தை வைத்துப் பனி அகற்றுபவர்களுக்கும் சில வார்த்தைகள். வயல் டயரின் உயர்ந்த வரம்புகளுக்கிடையே, ஏணி அமைப்புள்ள சங்கிலியின் குறுக்குக் கண்ணிகள் விழுந்து மறைந்துவிடும். சங்கிலி இருந்தும் தரையைப் பிடிக்காது. குறுக்குச் சங்கிலிகளுக்கிடையே இணைப்புகள் உள்ள வைர வடிவ அமைப்பே இந்த டயருக்குப் பொருந்தும். வாங்குமுன் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். முன்சில்லுகளிலும் பூட்டினால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபோது சங்கிலி இயந்திரத்தின் உடற்சட்டத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பின்சில்லில் மட்டும் பூட்டிய இயந்திரம் நன்றாக ஏறும். முன்சில்லுகளுக்குப் பிடிப்பில்லாததால், இறங்கும்போது திருப்பினாலும் நேரே போகும்.

நான் மிகவும் அஞ்சுவது பின்னோக்கிக் கவிழ்வதை. பின்சில்லுகள் பள்ளத்தில் இறுகியோ தரையோடு உறைந்தோ இருக்கும்போது கிளச்சை விட்டு முன்னோக்கி வேகம் கொடுத்தால், சில்லு சுழல முடியாத நிலையில் இயந்திரத்தின் உடலே அச்சைச் சுற்றி மேலெழும். சங்கிலி பிடிப்பைக் கூட்டுவதால் இந்த ஆபத்தும் கூடுகிறது; சாரதிக்கு எதிர்வினை காட்ட நேரமே இருக்காது. உறைந்த டயரை முதலில் விடுவியுங்கள், முடிந்தால் பின்னோக்கி எடுங்கள். கவிழ்வுக் காப்புச்சட்டம் இல்லாத இயந்திரத்தைப் பனிச்சரிவில் இறக்காதீர்கள். அந்தச் சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டியையும் கட்டுங்கள்.

வீதி உப்பு இரும்பை அரிக்கும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சங்கிலியைக் கழுவி, உலர்த்தி, கண்ணிகளைக் கையால் உருவிப் பாருங்கள். பாதியளவு தேய்ந்த கண்ணியையும், நெளிந்த கொக்கியையும் அன்றைக்கே மாற்றி, அடுத்த பயணத்தின் முன்சோதனைப் படிவத்தில் விளக்கையும் பிரேக்கையும் எழுதும் அதே வரிசையில் சங்கிலியையும் எழுதுங்கள்.