ஐம்பதுகளின் கல்வீட்டைக் கெடுக்காமல் திருத்துவது

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் கட்டப்பட்ட வீடுகளை யாழ்ப்பாண ஒழுங்கைகளில் இப்போதும் காணலாம்: தட்டையான கொங்கிறீற் கூரை, வளைந்த விறாந்தை, காற்றுக்காகப் பூவேலைச் சீமெந்துக் கற்கள், சிவப்புச் சீமெந்து நிலம், யன்னலுக்கு மேல் இரண்டடி நீண்டு நிற்கும் மெல்லிய சன்சேட். இந்த வீடுகளைத் திருத்தத் தொடங்குகிறவர்கள் முதலில் பெயின்ற்றையும் தரையையும்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது சன்சேட்டின் அடிப்பக்கம். அங்கே பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தால், வேலையின் பெரும்பகுதி அதுதான்.

கம்பி ஏன் கறள் பிடிக்கிறது? புதுக் கொங்கிறீற்றின் பி.எச். பெறுமானம் 12.5க்கு மேல். அந்தக் காரத்தன்மையில் இரும்பின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி, சுண்ணாம்பைக் காபனேற்றாக மாற்றி, பி.எச். பெறுமானத்தை 9 அளவுக்கு இறக்கும்போது அந்தப் படலம் அழிகிறது. கறள் இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்தத் தள்ளலைக் கொங்கிறீற் தாங்காமல் வெடித்துக் கழரும். கம்பிக்கு மேல் அரை அங்குலம்கூட மூடல் இல்லாத மெல்லிய சன்சேட்டில் இது சீக்கிரம் நடக்கும்.

நம் ஊரில் இரண்டாவது எதிரி உப்பு. கடலோரத்தில் உவர்க் கிணற்று நீரில் கலவை குழைத்திருந்தால், கழுவாத கடல் மணலைப் போட்டிருந்தால், உப்பிலுள்ள குளோரைட்டு தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. எது காரணம் என்று அறிய ஒரு சோதனை போதும். கொங்கிறீற்றைப் புதிதாக உடைத்து, தூசி தட்டி, அற்ககோலில் கரைத்த பினோத்தலீனை அந்த முகத்தில் தெளியுங்கள். இரசாயனவியல் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் அதுவே செய்து தரும். இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் காரம் மிச்சம் இருக்கிறது. நிறம் மாறாத இடத்தில் போய்விட்டது. இளஞ்சிவப்புக் காட்டும் இடத்திலேயே கம்பி குழிகுழியாக அரித்திருந்தால் காரணம் உப்பு என்று கொள்ளலாம்.

உளி வைக்கும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும். சன்சேட் சுவரிலிருந்து நீண்டு தொங்குவது. அதைத் தாங்கும் கம்பி மேற்பக்கம் இருக்கிறது, அடியில் அல்ல. ஆகவே அடியில் உதிர்வது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், உண்மையில் ஆபத்தானது மேற்பக்கம் சுவரை ஒட்டி நீளமாக ஓடும் வெடிப்பு. அப்படி ஒன்று இருந்தால் மேசன் தனியே முடிவெடுக்கக் கூடாது, பொறியியலாளர் பார்க்க வேண்டும். பூச்சாடியோ குளிரூட்டிப் பெட்டியோ மேலே இருந்தால் உடனே இறக்குங்கள்.

பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்' என்று வெறுமையாகக் கேட்கும் இடமெல்லாம் சோக்கால் குறித்து, குறிப்பைச் சுற்றி வெட்டும் இயந்திரத்தால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்கோடாக வெட்டுங்கள்; கம்பியை மட்டும் வெட்டிவிடக் கூடாது. ஓரத்தைச் சும்மா இழுத்து மெல்லியதாக முடித்தால் அந்த விளிம்பு காய்ந்து உரிந்துவிடும். கம்பியின் பின்புறமும் 20 மி.மீ. இடைவெளி வரும்வரை உடைக்க வேண்டும். பெரும்பாலான திருத்தங்கள் பிழைப்பது இங்கேதான்: கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துச் சாந்து அப்பினால் பின்பக்கக் கறள் தன் வேலையைத் தொடரும். கம்பி நெடுக, கறளில்லாத இரும்பு தெரிந்த பிறகும் 50 மி.மீ. தாண்டிப் போங்கள். விட்டத்தில் கணிசமாகத் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். நல்ல பகுதியில் இரு பக்கமும் விட்டத்தின் 40 மடங்காவது மேற்பொருந்த வேண்டும்.

உப்புள்ள வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கறள் பிடித்த இடம் மின்கலத்தின் அனோட்டுப்போல் தன்னை இழந்து அயலிலுள்ள கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தைச் சுத்தமாக்கி நல்ல சாந்தால் மூடியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. அயற்பகுதி அனோட்டாக மாறுகிறது. சில ஆண்டுகளில் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி வளையமாக வெடிக்கும். மேசனில் பிழை சொல்லிப் பயனில்லை. ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிப் புதைத்தால் இனி அவை தேயும், கம்பி தப்பும்.

சாந்து 1:3, அதாவது சீமெந்து ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. 50 கிலோ சீமெந்துப் பைக்கு லேடெக்ஸும் (சாந்து நன்றாக ஒட்டக் கலக்கும் பால்போன்ற திரவம்) நன்னீரும் சேர்த்து 20 லீற்றரைத் தாண்டக் கூடாது. பழைய கொங்கிறீற்றை முதல்நாளே நனைத்து, மேலே நீர் மினுங்காத ஈரத்தில் வைத்திருந்து, லேடெக்ஸ் கலந்த சீமெந்துக் கூழைப் பூசி, அது காய்வதற்குள் சாந்தை ஒரு தடவைக்கு 20 மி.மீ. கனத்தில் அழுத்துங்கள். மாரிக்கு முன் முடிப்பது நல்லது. ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து சாந்தைச் சில மணித்தியாலத்திலேயே உலர்த்திவிடும். பின்னேரத்தில் பூசி, ஏழு நாள் ஈரச் சாக்கு.

விளிம்பைத் தடிப்பாக்கி வீட்டின் தோற்றத்தைக் கெடுக்காதீர்கள். முன்பு அடியில் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே நீளப் பள்ளமாக ஒரு காடி ஓடியிருக்கும். பின்னாளில் யாரோ பூசி மூடியிருப்பார்கள். அரை அங்குல அகலத்தில் அதைத் திரும்ப எடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், சுவர்வரை வராது.

கூரை ஒழுகினால் பழைய பூச்சின் மேல் இன்னொரு பூச்சு என்பதுதான் ஊர் வழக்கம். இரண்டு அங்குலச் சீமெந்துப் பூச்சு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு தொன். இளகிய பழையதை அகற்றி, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரில் ஆறு அங்குலம் ஏற்றுங்கள். பல ஒழுக்குகளுக்குக் காரணம் பீலியின் வாயில் கிடக்கும் வேப்பிலைதான்.

சிவப்பு நிலத்துக்கு மேல் ரைல்ஸ் ஒட்டுவது பெரிய அநியாயம். அழுக்கெடுக்க அமிலம் ஊற்றுவது அதைவிட மோசம்; அமிலம் சீமெந்தையே கரைத்து நிலத்தைச் சொரசொரப்பாக்கும். மிதமான சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, மெழுகுப் பொலிஷ் பூசினால் போதும். வெடிப்பை அடைக்கும் சீமெந்தில் சிவப்பு ஒட்சைட்டு நிறையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பலம் குறையும். நிறம் பொருந்துகிறதா என்று ஒரு சிரட்டையில் வார்த்து, ஒரு கிழமை உலரவிட்டுப் பாருங்கள்; ஈரத்தில் எல்லாமே கடுஞ்சிவப்பாகத்தான் தெரியும்.

பூவேலைக் கற்களைக் கண்ணாடியால் அடைத்தால், கொங்கிறீற் கூரை பகலில் வாங்கிய சூடு இரவில் அறையிலேயே தங்கும். நுளம்புதான் பிரச்சினை என்றால் உட்பக்கம் கழற்றக்கூடிய சட்டத்தில் வலை அடியுங்கள். உடைந்த கல்லுக்குப் பதில் கடையில் தேட வேண்டியதில்லை: நல்ல கல் ஒன்றைக் கழற்றி அச்செடுத்து, 1:3 கலவையில் குறுணிச் சல்லி சேர்த்து வார்க்கலாம். அச்சுக்கு எண்ணெய் பூச மறந்தால் கல் கழராது.