ஜிடி காரையும் ஹைப்பர்காரையும் யாரும் சமமாக்கவில்லை

இந்த சீசனில் இப்படி ஒரு மோதல் இது மூன்றாவது முறை. பாதியில் நின்றுபோன ஒரு புரோட்டோடைப் (பந்தயத்துக்கென்றே கட்டிய கார்), பக்கவாட்டில் நசுங்கிய ஒரு ஜிடி3 (சாலைக் காரை மாற்றிக் கட்டியது), நடுவில் கார்கள் பதிவுசெய்த டெலிமெட்ரி டேட்டாவோடு நான். புரோட்டோடைப்பின் இளம் ஓட்டுநர் சொன்ன காரணமும் அதேதான், கார்களைச் சமன்படுத்தும் பிஓபி விதி: "ஜிடி காருக்கு பிஓபி-யில பவரை ஏத்திட்டாங்க சார், ஸ்ட்ரெய்ட்ல தாண்டவே முடியல."

டேட்டா வேறு கதை சொல்கிறது. ஜிடி கார் சுற்றுக்குச் சுற்று பிடிக்கும் அதே இடத்தில்தான் பிரேக் பிடித்திருக்கிறது, அதே கோட்டில்தான் திரும்பியிருக்கிறது. அது திரும்பத் தொடங்கிய பிறகு உள்பக்கம் மூக்கை நுழைத்தவர் இவர்.

தயவுசெய்து இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிஓபி என்ற சமன்படுத்தும் விதி ஒரு பிரிவுக்குள் மட்டுமே வேலை செய்கிறது. நீண்ட நேரப் பந்தயங்களுக்கான உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில், புரோட்டோடைப்களின் மேல்பிரிவான ஹைப்பர்காரில் எல்எம்ஹெச், எல்எம்டிஹெச் என இரண்டு விதிப்புத்தகங்களின்படி கட்டிய கார்கள் சேர்ந்து ஓடுகின்றன. எல்எம்ஹெச்-ல் ஹைப்ரிட் மோட்டார் முன்சக்கரங்களை இயக்கலாம்; மற்றதில் எல்லோருக்கும் பொதுவான ஹைப்ரிட், அதுவும் பின்சக்கரங்களுக்கு மட்டும். இவற்றை நெருக்கமாகக் கொண்டுவரத்தான் குறைந்தபட்ச எடை, அதிகபட்ச பவர், ஒரு ஸ்டின்டில் (ஒரு பிட் நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரை) செலவழிக்கக்கூடிய எனர்ஜி ஆகியவற்றை மாற்றுகிறார்கள். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமான லெ மானின் 2023 போட்டிக்கு முன் டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் கூட்டியது அப்படித்தான். அந்தப் பட்டியலில் ஜிடி3 கார் இல்லை. ஜிடி3 கார்கள் ஓடும் எல்எம்ஜிடி3 பிரிவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் ஒரு ஜிடி3 காரை இன்னொரு ஜிடி3 காரோடுதான் ஒப்பிடுகிறார்கள், உங்கள் காரோடு அல்ல.

பிரிவுகளுக்கு இடையே நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே இடைவெளியைக் காப்பாற்றுகிறார்கள். 2021-ல் பழைய மேல்பிரிவான எல்எம்பி1 போய், அதைவிட மெதுவான ஹைப்பர்கார் வந்தபோது, அடுத்த நிலைப் புரோட்டோடைப்களான எல்எம்பி2 கார்கள் மேல்பிரிவை முட்டும் நிலை வந்தது. அதனால் எல்எம்பி2-வின் பவரைக் குறைத்து எடையைக் கூட்டினார்கள். இன்று 13.626 கிலோமீட்டர் லெ மான் சுற்றை ஹைப்பர்கார் சுமார் 3 நிமிடம் 25 வினாடியில் முடிக்கிறது, எல்எம்ஜிடி3-க்கு 4 நிமிடம் நெருங்குகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு 7 அல்லது 8 சுற்றுக்கு ஒருமுறை அதே ஜிடி காரை மறுபடி தாண்டியாக வேண்டும். ஜிடி காரை யாரும் ரகசியமாக வேகப்படுத்திவிடவில்லை. உங்களுக்குக் கிடைத்த சாதகத்தில் பெரும் பங்கு பிரேக்கிங்கிலும் வேகமான வளைவுகளிலும் இருக்கிறது. நேர்பாதையில் அது குறைவாகத் தெரிவதால்தான் இந்தப் புலம்பல்.

சரி, என்ன செய்ய வேண்டும்? லைட் அடித்துவிட்டால் வழி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். லைட் 'நான் வருகிறேன்' என்று சொல்லும், அவ்வளவுதான். பத்திரமாகத் தாண்டுவது பின்னால் வருபவரின் பொறுப்பு. பிரேக் பிடிப்பதற்கு முன் உங்கள் கார் பக்கத்தில் வந்துசேரவில்லை என்றால் அந்த வளைவை விட்டுவிடுங்கள், அடுத்ததில் போகலாம். அரை வினாடிக்காக 24 மணி நேரப் பந்தயத்தைத் தொலைப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஜிடி ஓட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்எம்ஜிடி3-ல் ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரம் பெற்ற (அதாவது தொழில்முறை அல்லாத) ஓட்டுநர் ஒருவர் கட்டாயம் என்பதால், முதல் முறையாக இரவில் ஓட்டுபவர்களும் உங்களில் இருப்பீர்கள். மரியாதைக்காகத் திடீரென்று விலகாதீர்கள். உங்கள் கோட்டிலேயே போங்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் அடுத்த அசைவு தெரிந்தால் போதும்.

அப்புறம் என்ஜினியர்களே, பிஓபி-யைக் குறை சொல்லும் முன் ஒரே ஒரு வேகமான சுற்றைக் காட்டாதீர்கள். டிராஃபிக்கில் சிக்கிய சுற்றுகளை ஒதுக்கி, முழு ஸ்டின்டின் சராசரியை எடுங்கள். அதுவும் உங்கள் பிரிவு கார்களோடு மட்டும் ஒப்பிட்டு.

அடுத்த பயிற்சிக்கு முன் அந்த இளம் ஓட்டுநரோடு உட்காரப்போகிறேன். முதலில் அந்த ஜிடி காரின் ஆன்போர்டு காட்சியைத்தான் போடுவேன். கண்ணாடியில் அவருடைய கார் எவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்பதை அவரே பார்க்கட்டும்.