வாரில் இழுக்கும்போது சவரக்கத்திக்கு என்ன ஆகிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், பித்தளைத் தூக்குக்கும் எனாமல் கிண்ணத்துக்கும் நடுவே சில சமயம் மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடக்கும். நான் வாங்கிய கத்தியில் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் முத்திரை இருந்தது. சாணை பிடித்து வந்து மழித்தேன்; முதல் நாள் வெண்ணெய். நான்காம் நாள் முடியை வெட்டாமல் பிடுங்கியது.

மறுபடி சாணைக்குக் கிளம்பினேன். வழியில், வயதான முடிதிருத்துநர் ஒருவர் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாரில இழுத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். இழுக்கவில்லை. வார் என்பது கத்தியை இழுத்து நீவும் பட்டை: ஒரு பக்கம் தோல், மறுபக்கம் துணி.

நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு அரை மைக்ரான் தடிமன்தான், அதற்கும் குறைவாகக்கூட இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தாடி முடியோ சுமார் 100 மைக்ரான். அவ்வளவு மெல்லிய எஃகு, சாக்லேட் சுற்றிய தாள் மாதிரி வளையும். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது எஃகைச் சிதைக்கிறது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெட்டுப்படும்போது முடி சாய்ந்து வளைகிறது; எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு துணுக்காகப் பெயர்கிறது. மழிக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் முகத்தை ஊறவைப்பது தோலுக்கு மட்டுமல்ல, கத்திக்கும் நல்லது. நனைந்த முடி இன்னும் மென்மையாகிவிடும்.

பெயர்ந்த துணுக்கை வாரால் ஒட்டவைக்க முடியாது, அதற்குக் கல்தான். ஆனால் வளைந்த விளிம்பைத் தோல் நீவி நேராக்கும், மெருகேற்றும், படிந்த துருவைத் துடைக்கும். கல் உலோகத்தைத் தேய்த்து எடுக்கிறது. தோல் எடுப்பது மிகக் குறைவு. அதனால்தான் தினமும் வாரில் இழுத்தாலும் கத்தி கரைவதில்லை.

இழுக்கும்போது கத்தியின் தடித்த முதுகு முன்னே போகவேண்டும், விளிம்பு பின்னால் வரவேண்டும். கடைசியில் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்பவேண்டும். நான் அவசரத்தில் விளிம்பின் மேல் புரட்டினேன். புதுத் தோலில் நகக்குறி மாதிரி ஒரு வெட்டு. வார் விறைப்பாக இருப்பது முக்கியம். தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து, கூர்மையை மழுக்கிவிடும். வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பர்மாத் தேக்குத் தூணில் ஆணியடிக்க ஆச்சி விடவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டித்தான் இழுக்கிறேன். அழுத்தவே கூடாது, கத்தியின் எடை போதும். முதலில் துணிப் பக்கம் இருபது, அப்புறம் தோலில் நாற்பது, ஐம்பது.

சரி, மழித்த பிறகு? இங்கேதான் பெரும்பாலான கத்திகள் சாகின்றன. பழைய கத்திகள் கார்பன் அதிகமுள்ள எஃகு. துருப்பிடிக்காத எஃகில் இருக்கும் குரோமியம் இவற்றில் இருக்காது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பின் பரப்பில் குட்டி மின்கலங்கள் உருவாகின்றன: ஓரிடத்தில் இரும்பு கரைகிறது, பக்கத்தில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வியர்வை உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேலை வேகமாகிறது. இதே அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இதே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் இயங்குகிறது. முதுகில் ஒரு மைக்ரான் துரு கண்ணுக்கே தெரியாது. விளிம்பிலோ மொத்தத் தடிமனே அரை மைக்ரான்.

ஆகவே கழுவி, துடைத்து, துணிப் பக்கத்தில் நாலைந்து இழுப்பு இழுத்து ஈரத்தை எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசுகிறேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கிறது. மறுநாள் எண்ணெயைத் துடைத்த பிறகுதான் தோலில் வைக்கவேண்டும். மழை மாதத்தில் குளியலறையில் வைக்கவே கூடாது.

பிடி செல்லுலாய்டாக இருந்தால் இன்னொரு தொல்லை. அந்தப் பழைய பிளாஸ்டிக் சிதையும்போது அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் கத்தியைப் பக்கத்திலிருந்தே அரித்துவிடும். என்னுடையது கொம்புப் பிடி, அந்தக் கவலை இல்லை. கடையில் அடுத்துக் கிடந்த கத்தியின் பிடி செல்லுலாய்டு, தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பழுப்பு. அதை நான் எடுக்கவில்லை.